மூன்றாவது எபிசோடிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறவர்கள்

கேள்வி இது: "குற்றத் தொடர் எது போட்டாலும் எங்கள் அண்ணி மூன்றாவது எபிசோடிலேயே ஆள் யார் என்று சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. நான் கடைசி எபிசோடு வரைக்கும் ஏமாந்துகொண்டே போகிறேன். இதற்கென்று ஏதாவது வழி இருக்கிறதா? அப்படியே முன்னாடியே கண்டுபிடித்துவிட்டால் மீதியைப் பார்ப்பதில் என்ன சுவை இருக்கும்?"

வழி இருக்கிறது. உங்கள் அண்ணி பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். எந்த இடத்தில் கை வேலையை நிறுத்துகிறார், எந்த இடத்தில் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டுகிறார் என்று தெரிந்தாலே பாதி பிடிபட்டுவிடும். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் பல வருடம் கோபிசெட்டிபாளையத்தில் அப்பா நடத்திய வாடகை நூல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். மாத நாவல்கள்தான் அங்கே அதிகம் போகும். ஆக, துப்பறியும் கதை படிக்கிறவர்களையும் பார்க்கிறவர்களையும் ஏறக்குறைய முப்பது வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். அதில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஊகக்காரர்கள் எங்கள் செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்கள். இதைச் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. அவர்கள் வேலையே அவர்களை அப்படிப் பழக்கியிருக்கிறது.

செக்கிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தைத்து முடிந்த டி-ஷர்ட் கட்டுக் கட்டாக டேபிளுக்கு வரும். தலைக்கு மேலே டியூப்லைட். ஒரு பீஸை எடுத்து விரித்து, கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு, அப்புறம் உள்பக்கம் திருப்பி மறுபடியும். மிஸ் ஸ்டிட்ச், ஆயில் கறை, ஊசி ஓட்டை எது இருந்தாலும் அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும். ஒரு பீஸுக்குச் சில நொடிகள்தான். சட்டை அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எந்த இடத்தில் துணி மற்ற இடத்தைப் போல் இல்லை என்பதை மட்டும் கண் பிடிக்கிறது. அதிலும் பிடிப்பதற்குக் கடினமானது ஷேட். உடம்பு ஒரு ரோலில் இருந்தும் கை வேறொரு ரோலில் இருந்தும் வெட்டியிருந்தால் இரண்டும் நீலம்தான், ஆனால் நீலம் கொஞ்சம் மாறியிருக்கும். புதிதாக வந்தவருக்கு அது தெரியாது. பத்து வருடம் நின்றவர் டேபிளில் பீஸ் விழும்போதே கையை நீட்டுவார்.

இந்தக் கண்தான் வீட்டுக்குப் போய்த் தொடர் பார்க்கிறது. ஒரு தொடர், பெயர் வேண்டாம், இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் இருப்பார்கள். எழவு வீட்டுக் காட்சி. சொந்தக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், பெண்கள் உள்ளே அழுகிறார்கள். இறந்தவனுக்குக் கடன் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் முதல் முறையாக அந்த வீட்டுக்கு வருகிறார். யாருக்கோ மயக்கம் வர, எல்லோரும் பதறுகிறார்கள். அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார். நல்ல மனுசன் என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் டீ டைமில் எங்கள் டேபிள் அக்கா ஒருவர் சொன்னார்: "அந்தாளு அந்த ஊட்டுக்கு அன்னைக்குத்தான் வர்றாருன்னு காட்டுனாங்க. அப்பறம் சொம்பு எங்க இருக்குதுன்னு ஒருத்தரையும் கேக்காம நேரா உள்ள போயி எடுத்துட்டு வர்றாருங்களே. ஷேட்டு மாறுதுங்கண்ணா."

அது இரண்டாவது எபிசோடு. ஏழாவதில் அந்த ஆளுக்கும் அந்த வீட்டுக்கும் பழைய உறவு இருந்தது என்று வந்தது. அன்றிலிருந்து எங்கள் டேபிளில் சந்தேகப்படுகிற பாத்திரத்துக்கு "ஷேட்டு மாறுறவன்" என்றுதான் பெயர்.

நீங்கள் ஏமாறுவதற்குக் காரணம், நீங்கள் கதைக்குள் நின்று ஆளைத் தேடுகிறீர்கள் என்பது. போலீஸ்காரர் யாரைச் சந்தேகப்படுகிறாரோ அவரை நீங்களும் சந்தேகப்படுகிறீர்கள், அவர் விட்டதும் விடுகிறீர்கள். எழுதுகிறவர் உங்களை எந்த வழியில் நடக்க வைக்க விரும்புகிறாரோ அந்த வழியிலேயே நடக்கிறீர்கள். ஊகிக்கிறவர்கள் ஒரு அடி தள்ளி நின்று, கதை எங்கே செலவு செய்கிறது என்று பார்க்கிறார்கள். எட்டு எபிசோடு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்றால் மொத்தம் 360 நிமிடம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆள், இடம், வெளிச்சம், பணம் எல்லாம் வேண்டும். அப்படியிருக்க, கதைக்கு எந்த வேலையும் செய்யாத ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் கொடுத்து, அவர் செடிக்குத் தண்ணீர் விடுவதைக் காட்டினால், அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டாவது எபிசோடில் எல்லோரும் கை காட்டுகிற ஆள் கண்டிப்பாக இல்லை, ஏனென்றால் மீதி ஆறு எபிசோடுக்கு என்ன செய்வார்கள்?

பெயர் பெற்ற நடிகர் ஒருவர் நாலு எபிசோடாக வாசலில் நின்று தலையாட்டிவிட்டு மட்டும் போனால் சந்தேகப்படலாம் என்று ஒரு காலத்தில் சொல்லுவோம். இப்போது அது பாதி விலைக்குத்தான் போகும். நாம் அப்படி நினைப்போம் என்று தெரிந்தே தெரிந்த முகத்தைப் பொய்த் தடத்துக்குப் போடுகிறார்கள்.

இன்னும் நம்பகமான இடம் ஒன்று உண்டு. எபிசோடு ஆரம்பத்தில் வருகிற முன்கதைச் சுருக்கம். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். ஆறாவது எபிசோடின் சுருக்கத்தில் இரண்டாவது எபிசோடில் வந்த ஒரு மளிகைக் கடைக்காரரின் முகம் வருகிறது என்றால், நீங்கள் அவரை மறந்திருப்பீர்கள் என்று தயாரித்தவர்களுக்குக் கவலை வந்திருக்கிறது. ஏன் கவலை? இன்றைக்கு அவர் தேவைப்படப் போகிறார். இதை எங்கள் டேபிளில் இருபது வயதுகூட ஆகாத ஹெல்பர் பெண் ஒருத்தி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். அதே பெண் இன்னொன்றும் கண்டுபிடித்தாள்: சப்டைட்டிலில் சில சமயம் முகம் காட்டாமல் பேசுகிறவரின் பெயரைக் குரலுக்கு முன்னால் எழுதிவிடுகிறார்கள். அதை வைத்து ஊகிப்பது ஆட்டத்தில் சேராது என்று டேபிளில் முடிவு செய்துவிட்டோம். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, கதை எந்த அச்சில் வார்க்கப்படுகிறது என்று தெரிந்திருப்பது. இதில் கொங்குநாட்டுக்காரர்களுக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருந்தது. கோயமுத்தூர்க்காரரான ராஜேஷ்குமார் 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். எங்கள் நூல் நிலையத்தில் அவருக்கென்று ஒரு தட்டு இருந்தது, அது எப்போதும் பாதி காலியாகவே இருக்கும். அவருடைய பல நாவல்களில் ஒரு அத்தியாயம் ஒரு கதை, அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை என்று இரண்டு தண்டவாளமாக ஓடும். கோவையில் ஒரு பிணம், வேறெங்கோ ஒரு கல்யாணப் பேச்சு. இரண்டும் கடைசியில் ஓரிடத்தில் முட்டும். அதைப் படித்துப் பழகியவர்கள் நாற்பதாம் பக்கத்திலேயே, இரண்டு கதைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு ஊர்ப் பெயர், ஒரு மருந்து, ஒரு தொழில். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பென்சிலால் எந்தப் பக்கத்தில் தனக்குத் தெரிந்துபோனது என்று குறித்துவைத்திருப்பார். அப்பா அதை அழிக்கவே விடமாட்டார். அடுத்து எடுத்துப் போகிறவர் முதலில் அந்தக் குறியைத்தான் தேடுவார், அதற்கு முன்னால் தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று.

அந்தப் பழக்கத்தோடு 'சுழல்' பார்த்தவர்களுக்கு முதல் எபிசோடே தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல இருந்தது. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய தொடர், 2022 ஜூன் 17ஆம் தேதி வந்தது. சாம்பலூர் என்ற கற்பனை ஊர். சிமெண்ட் ஆலை தீப்பிடிக்கிறது, அதே இரவில் தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். இரண்டு தண்டவாளம். கூடவே ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. சேலம் பக்கம் மாசி மாதத்தில் மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்தவர்கள் எங்கள் கம்பெனியிலேயே நிறையப் பேர். திருவிழாவில் எந்த நாள் என்ன நடக்கும், எப்போது சாமி கிளம்பும், ஊர் முழுக்க வேஷம் கட்டியிருக்கிற நேரம் எது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு ஆள் கூட்டத்தில் மறைய வேண்டும் என்றால் எந்த இரவு வசதி என்று அவர்கள் தொடருக்கு முன்னாடியே யோசித்துவிட்டார்கள். தீயும் காணாமல் போனதும் ஒரே முடிச்சா இல்லையா என்பதை நான் இங்கே சொல்லமாட்டேன். ஆனால் "இரண்டும் ஒன்றா" என்று முதல் நாளே கேட்கத் தெரிந்திருப்பதுதான் ராஜேஷ்குமார் வாசகர்களின் பலம்.

அதே வருடம் டிசம்பரில் 'வதந்தி' வந்தது. ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கியது, எஸ்.ஜே. சூர்யா சப் இன்ஸ்பெக்டராக வருவார். கன்னியாகுமரிப் பக்கம், வெலோனி என்ற பெண்ணின் கொலை. இங்கே அச்சு வேறு. ஆளுக்கு ஆள் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள், ஒரு கதையில் இருக்கிற வெலோனி இன்னொரு கதையில் இல்லை. இதில் தடயத்தை மட்டும் துரத்தினவர்கள் எல்லோரும் தோற்றார்கள். தலைப்பையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் நிதானமாகப் பார்த்தார்கள்: வதந்தி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அப்படியானால் சொல்கிறவன் சொல்வதில் அவனுக்கு என்ன லாபம்? பெண்ணைப் பற்றி ஊர் பேசும்போது என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் டேபிளில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற பெண்களைப் பற்றி ஊரில் பேசியதை எல்லோரும் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அந்தத் தொடர் ஓடிய வாரம் டேபிளில் கொலைகாரன் யார் என்ற பேச்சைவிட, எந்தெந்த ஆள் சொன்னது பொய் என்ற பேச்சுதான் அதிகம் இருந்தது. சில பேர் கண் கலங்கினார்கள்.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருப்பதும் உதவும். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியாகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவு. நல்ல எழுத்தாளர்களுக்கு இது தெரியும். ஆகவே பாதித் தொடரில் ஒருவர் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து "நான்தான் செய்தேன்" என்று சொன்னால், கதை அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. 2025 பிப்ரவரியில் வந்த சுழலின் இரண்டாவது சீசன் இதையே அடித்தளமாக வைத்துக்கொண்டது. பூட்டிய அறைக்குள் ஒரு வழக்கறிஞர் இறந்து கிடக்கிறார். எட்டு இளம்பெண்கள் ஆளாளுக்கு நான்தான் கொன்றேன் என்கிறார்கள். யார் கொன்றது என்ற கேள்வியைவிட, ஏன் எட்டுப் பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குத்தான் அந்த சீசன் சீக்கிரம் திறந்தது.

சரி, இப்போது எச்சரிக்கை. ஊகிப்பதில் ருசி கண்டவர்கள் விழுகிற பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது: எழுதினவரின் தவறைத் தடயம் என்று எடுத்துக்கொள்வது. நானே பல முறை விழுந்திருக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை உண்டு. எங்கள் பக்கம் கிராமத்தில்கூட இது எல்லோருக்கும் தெரியும். ஒரு தொடரில் அப்படி ஒரு பெண் இறந்து, ஆர்.டி.ஓ. பேச்சே வராமல் அடக்கம் செய்துவிட்டார்கள். உள்ளூரில் யாரோ பெரிய கை அமுக்கிவிட்டது, அந்தக் கைதான் கொலைகாரன் என்று நாலு எபிசோடு வாதாடினேன். கடைசியில் பார்த்தால் எழுதினவர்கள் அதை யோசிக்கவே இல்லை. செல்போன் டவரும் அப்படித்தான். டவர் ஒரு பகுதியைத்தான் காட்டும், வீட்டு வாசலைக் காட்டாது. தொடர்களில் சமையலறை வரைக்கும் காட்டிவிடுகிறார்கள். அதை வைத்து போலீஸ்காரர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது.

பேச்சு வழக்கு இதைவிட மோசம். பொள்ளாச்சியில் நடப்பதாகச் சொல்லும் கதையில் எல்லா வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'ங்க' ஒட்டிவிட்டால் கொங்குத் தமிழ் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். வீட்டுப் பெண்ணை "அம்மணி" என்று கூப்பிடுகிறவர் ஒருவர், அடுத்த காட்சியில் மதுரைக்காரர்போலப் பேசினால் ஆள்மாறாட்டம் என்று நினைக்காதீர்கள். டப்பிங்கில் போனது அது. சாயத்தில் வந்த ஷேட் வேறு, கேமரா வெளிச்சத்தில் தெரிகிற ஷேட் வேறு. இரண்டையும் பிரிக்க ஒரே வழி, அந்தத் தொடர் மற்ற இடங்களில் எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று முதல் இரண்டு எபிசோடில் பார்த்துவைத்துக்கொள்வது. தெருவில் போகிற பஸ்ஸின் போர்டு, காலண்டரில் இருக்கும் மாதம், இறந்தவர் வீட்டில் எத்தனையாவது நாள் என்ன சடங்கு நடக்கிறது, இதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அவர்கள் கவனக்காரர்கள். அப்படிப்பட்டவர்களிடம் சொம்பு தவறாகாது.

காரணம் தேடுவதில் நம் பக்கத்துக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது. என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வாழ்ந்தவர். தண்ணீர் முறை வருகிற இரவில் மடையில் நடந்த சண்டைகளை நிறையப் பார்த்தவர். அவரோடு தொடர் பார்த்தால் காதல், பழிவாங்கல் என்று திரையில் என்ன சொன்னாலும் அசையமாட்டார். "காடு யாரு பேர்ல இருக்குது?" என்று கேட்பார். காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். அப்பாரு (தாத்தா) சொத்து பாகம் பிரித்தாயிற்றா, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, இறந்தவனுக்கு வாரிசு உண்டா? பங்காளிக்கு ஒரு கணக்கு, மாமன் மச்சானுக்கு வேறு கணக்கு. ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், யார் என்று தெரியாமல் கொலைக்குக் காரணம் தெரியாது என்பது அவர் கட்சி. தொடரில் ஒரு பத்திரம் அரை நொடி காட்டினால்கூட நிறுத்தச் சொல்லி, என்னை வாசிக்கச் சொல்லுவார். பல முறை அதில்தான் விடை இருந்தது. எல்லாக் கொலையும் நிலத்துக்காக நடப்பதில்லை, அதனால் அவர் சில சமயம் தோற்பார். ஆனால் "இவன் செத்ததால் யாருக்கு என்ன கைமாறுகிறது" என்ற கேள்வி எந்த ஊர்த் தொடருக்கும் பொருந்துகிறது.

ஒரே நாளில் எட்டு எபிசோடும் கையில் கிடைப்பதில் நமக்கு ஒரு நஷ்டம் உண்டு. ஊகிப்பதற்கு இடைவெளி வேண்டும். தொண்ணூறுகளின் பின்பாதியில் சன் டிவியில் மர்மதேசம் வரிசையில் 'விடாது கருப்பு' வாரம் ஒருமுறை வந்தது. எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் சேலத்தில் பிறந்தவர், இயக்கியவர் நாகா. தப்பு செய்தவர்களைத் தண்டிப்பது கருப்பசாமியா, மனுசனா என்பதுதான் கேள்வி. ஏழு நாள் இடைவெளியில் நூல் நிலையத்தில் புத்தகம் எடுக்க வந்தவர்கள் பாதிப் பேர் அதைப் பேசத்தான் வந்தார்கள். குலசாமி கருப்பராக இருந்த ஒரு குடும்பத்துப் பெரியவர், சாமிதான் என்று கடைசி வரை சாதித்தார். அவர் பேரன் மனுசன் என்றான். அந்த வாக்குவாதத்தில் தாத்தாவும் பேரனும் அதுவரை பேசாததையெல்லாம் பேசினார்கள். கதை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஏழு நாள்தான் அதற்கு இடம் கொடுத்தது. அமெரிக்காவில் 1980 மார்ச்சில் 'டல்லாஸ்' என்ற தொடரின் சீசன் முடியும்போது ஜே.ஆர். என்ற பாத்திரத்தை யாரோ சுட்டுவிடுகிறார்கள். சுட்டது யார் என்று நவம்பர் 21ஆம் தேதிதான் காட்டினார்கள். எட்டு மாதம் நாடே ஊகித்தது. ரகசியம் கசியாமல் இருக்க வேறு வேறு நடிகர்கள் சுடுவதுபோலவும் எடுத்துவைத்தார்கள்.

அதனால் எங்கள் டேபிளில் அந்த இடைவெளியை நாங்களே செய்துகொள்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு. ஓவர்டைம் இருந்தால் அன்றைக்கு விடுமுறை, யாரும் முந்தக் கூடாது. பாதித் தொடர் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டு. பழைய பேக்கிங் லிஸ்ட்டின் பின்பக்கத்தைக் கிழித்து, பெயர் எழுதி, சுருட்டி, நூல் தீர்ந்துபோன கோனுக்குள் செருகிவிடுவோம். அதன் வாயில் வேஸ்ட் துணி அடைத்து அலமாரிக்கு மேலே வைத்தால் கடைசி எபிசோடு வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். வாயால் சொல்கிற ஊகம் பின்னாடி மாறிவிடும். "நான் அப்பவே சொன்னேனே" என்று எல்லோருக்கும் தோன்றும். எழுதினது மாறாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, கண்டுபிடித்துவிட்டால் என்ன சுவை என்பது. நான் இதில் கொஞ்சம் பிடிவாதக்காரன். பாதியில் ஊகிக்க முடிந்ததால் கெட்டுப்போகிற தொடர், ஊகிக்காவிட்டாலும் நல்ல தொடர் இல்லை. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், பாதிரியாராகவும் இருந்தவர், 1929ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். முதல் விதியே குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும் என்பது. கண்டுபிடித்த தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்றும் ஒரு விதி. அதாவது, நீங்கள் கண்டுபிடிக்க முடியவேண்டும் என்பது எழுதுகிறவர் உங்களுக்குத் தருகிற வாக்கு. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் அவர் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். கடைசி எபிசோடில் அதுவரை யாருமே பார்க்காத ஒரு அண்ணன் வெளிநாட்டிலிருந்து இறங்கி வந்து கொலைகாரன் ஆகிறானே, அதற்குத்தான் கோபப்பட வேண்டும். ஊகிக்கிறவர்களை ஏமாற்ற வேண்டும் என்பதற்காகவே பாத்திரத்தின் குணத்தைக் கடைசியில் திருப்பிப் போடுகிறவர்கள் மேல் எனக்கு அதைவிட வருத்தம். பார்க்கிறவன் ஆறு மணி நேரம் கொடுத்திருக்கிறான்.

1954ல் வந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. ஒரு கொலை, சந்தேகத்துக்குரிய சில பேர், ஒவ்வொருவரிடமும் விசாரணை. முடிவு தெரிந்தவர்களும் இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் ஐந்து முறை பார்த்திருப்பேன். இரண்டாவது முறை பார்க்கும்போது கொலை செய்த ஆளின் ஒவ்வொரு பார்வையும் வேறாகத் தெரியும். தெரிந்துகொண்டு பார்ப்பது ஒரு தனிப் பார்வை. மூன்றாவது எபிசோடில் ஊகித்த உங்கள் அண்ணிக்கு அந்த இரண்டாவது பார்வை முதல் தடவையிலேயே கிடைக்கிறது. போலீஸ்காரர் எப்போது பிடிப்பார் என்று நீங்கள் பார்க்கும்போது, உங்கள் அண்ணி அந்தக் குற்றவாளி சாப்பாட்டு மேஜையில் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கிறார்.

ஆனால் கண்டுபிடித்ததைச் சத்தமாகச் சொல்வது வேறு விஷயம். போன வருடம் கேன்டீனில் ஒருவர், எங்களைவிட இரண்டு நாள் முன்னால் ஒரு தொடரைப் பார்த்து முடித்தவர், டீயை வாங்கிக்கொண்டே முடிவைச் சொல்லிவிட்டுப் போனார். பதினோரு பேர் பத்து நாளாக நடத்திய ஆட்டம். ஒரு அக்கா தன் சீட்டைக் கோனிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க யாருடனும் பேசவில்லை. அவர் எழுதியிருந்தது சரி என்று பின்னாடி சொன்னார், ஆனால் நிரூபிக்கக் கையில் சீட்டு இல்லை. ஊகம் சொல்லலாம். பார்த்து முடித்ததைச் சொல்லக் கூடாது. உங்கள் அண்ணியிடமும் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: மூன்றாவது எபிசோடில் தெரிந்தால் எழுதி வைக்கட்டும்.

நீங்கள் ஆரம்பிக்க வேண்டும் என்றால் சுழல் முதல் சீசனை, பார்க்காவிட்டால், எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது எபிசோடோடு நிறுத்திவிட்டு ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். யார் என்று ஒரு வரி. எதற்காக என்று ஒரு வரி. எந்தக் காட்சியைப் பார்த்து அப்படி நினைத்தீர்கள் என்று ஒரு வரி. அந்தக் காட்சி தடயமாக இல்லாமல் எழுதினவரின் தவறாக இருந்தால் அடுத்து யார் என்று ஒரு வரி. எபிசோடு எண்ணையும் போட்டுவிடுங்கள். ஆள் தப்பாகி, காரணம் சரியாக வந்தால் எங்கள் டேபிளில் அதற்குப் பாதி வெற்றி. காரணம் தப்பாகி ஆள் மட்டும் சரியாக வந்தால் ஒன்றும் கிடையாது, அது குருட்டாம்போக்கு.

இப்போது நாங்கள் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோனுக்குள் ஒன்பது சீட்டு இருக்கிறது. லீவில் போன இரண்டு பேர் வந்து எழுதினதும், சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பிரிக்கிறோம்.